பக்கத்துக் கொடியின் நிழல்

பாப்பாவுக்கு வயது ஐம்பதை எட்டப்போகிறது. தலை பாதி நரைத்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதில்லை, ஆபீசில் சின்னப் பிள்ளைகளெல்லாம் 'மேடம்' என்கிறார்கள். வீட்டில் மட்டும் பேர் இன்னும் பாப்பாதான். அப்படிக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஆள், அவளுடைய அக்கா.

அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அக்கம்பக்கத்துக்கு அவள் வெறும் 'டீச்சர்'. அம்மா போய்ச் சேர்ந்தபோது பாப்பாவுக்குத் தானாகத் தலை வாரிக்கொள்ளக்கூடத் தெரியாது. அன்றைக்குச் சீப்பைக் கையில் எடுத்த அக்கா, தங்கை காலேஜ் முடிக்கிற வரை கீழே வைக்கவில்லை என்றே சொல்லலாம். பாப்பாவின் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தியவளும் அவள்தான். அது சில வருஷத்திலேயே முறிந்து பாப்பா ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது கதவைத் திறந்தவளும் அவள்தான். "கை காலைக் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது" என்றாள். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை. தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அக்கா ஏன் இருந்துவிட்டாள் என்று பாப்பாவும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான்.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு மூக்கின் மேல் கோபம். வயிற்று வலி என்று பொய் சொல்லி நிழலில் உட்கார வருகிறவளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். மைதானத்தை இரண்டு சுற்று கூடுதலாக ஓடவிடுவாள். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட அந்தப் பழைய மாணவிகள் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் இன்னமும் முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்தவள் வீடியோ கேம் செய்கிற தொழிலுக்குப் போனது அக்காவுக்கு முதலில் பெரிய மனக்குறை. "ஒரு இடத்துல உக்காந்து கட்டை விரலை மட்டும் ஆட்டறதுக்குப் பேரு விளையாட்டா?" என்பாள். பாப்பா கார்ப் பந்தய விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தாள். அதில் கெட்டிக்காரி என்று பேரும் எடுத்தாள். பிறகு அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அவள் வயதுக்கு இந்தத் தொழிலில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள் என்று நொந்துபோயிருந்த நேரத்தில், டயர் கடை மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஓர் இளைஞன் தொடங்கியிருந்த சின்னக் கம்பெனியில் இடம் கிடைத்தது. அவர்கள் செய்தது வயதானவர்கள் உடற்பயிற்சி செய்வதற்கான வீடியோ கேம். அதைக் கேட்டதும் அக்கா முதல்முறையாக, "இது உருப்படியான வேலை" என்றாள்.

அந்த ஆபீசில் எப்போதும் ரப்பர் வாடை. கீழே சக்கரத்து நட்டைக் கழற்றுகிற மிஷின் ஓடினால் மேலே பேச்சு நின்றுவிடும். ஒரு சுவரில் டிவி, அதன் தலையில் ஒரு கேமரா, எதிரே கைப்பிடி வைத்த நாற்காலி. கேமரா ஆளைப் பார்த்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளும். புள்ளிகள் அசைவதை வைத்து உள்ளே விளையாட்டு நடக்கும். ஆரம்பத்தில் ஆபீஸ் பிள்ளைகளே ஆளுக்கு ஆள் கிழவர் வேஷம் கட்டினார்கள். இடுப்பில் கையை வைத்து, முனகி, மெல்ல எழுந்து, மெல்ல உட்கார்ந்து காட்டினார்கள். வாரம் ஒருமுறை வருகிற பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு அதைப் பார்த்து எரிச்சல் தாங்கவில்லை.

"நாடகத்துல வர்ற கிழவனா இவரு?" என்றாள். "நிஜத்துல வயசானவங்க மெதுவாவா உக்கார்றாங்க? தொடையில பலம் இருக்கிறவங்கதான் மெதுவா உக்கார முடியும். இவங்க பாதி தூரம் வந்ததும் பொத்துன்னு விழுவாங்க. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிப் பார்ப்பாங்க. போய்ப் பாருங்க முதல்ல."

போய்ப் பார்த்தார்கள். முதியோர் பகல் நேரத்தில் வந்து இருந்துவிட்டுப் போகிற ஒரு நிலையத்தில் பாப்பா வாரக்கணக்கில் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் 'மழைக்கு முன்னே' பிறந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கி, திரையில் இருக்கும் கொடியில் துணியைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். மறுபடி எழுந்தால் அடுத்த துணி. மழை மேகம் மெல்ல மெல்ல ஏறி வரும். அது பெய்வதற்குள் கூடை காலியாக வேண்டும். எழுந்து உட்கார்வது காலுக்கு, கை தூக்குவது தோளுக்கு. அவ்வளவுதான் விளையாட்டு. "ஜென்மம் பூரா துணி காயப் போட்டாச்சு, இங்க வந்தும் அதேதானா?" என்று நிலையத்துப் பெண்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் வரிசையில் முண்டியடித்ததும் அவர்கள்தான். வாழ்நாளில் ஒரு கைக்குட்டையைக்கூடக் காயப் போடாத ஆண்கள் திரையில் வேட்டி வேட்டியாகப் போட்டுத் தள்ளினார்கள்.

நிழல் என்பது பாப்பாவின் யோசனை. கார்ப் பந்தய விளையாட்டில் நம்முடைய மிகச் சிறந்த ஓட்டத்தை மங்கலான ஒரு காராக நம் பக்கத்திலேயே ஓடவிடுவது வழக்கம். அந்தக் காரை முந்தினால் நம்மையே முந்தின மாதிரி. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தாள். ஆடுகிறவருடைய மிக நல்ல நாள் எதுவோ, அந்த நாளின் அசைவு சாம்பல் நிற நிழலாகப் பக்கத்துக் கொடியில் துணி போடும். அடுத்த வீட்டுக்காரரோடு போட்டி இல்லை, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, தன்னோடு தானே. முதலாளி அந்த யோசனையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். பிசியோ அம்மாகூடத் தலையசைத்தாள். பயிற்சியே இல்லாதவர்கள் பயிற்சி தொடங்கினால் முதல் சில மாதங்களுக்கு முன்னேற்றம்தான். எல்லோரும் தங்கள் நிழலை முந்தினார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். நாளைக்கு நாம் இன்றைவிட நன்றாக ஆடுவோம் என்பது இளவட்டங்களின் கணக்கு. அந்தக் கணக்கை எழுபது வயதுக்காரர்கள் தலையில் கட்டுகிறோம் என்று அந்த மாடியில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வலது கை நடக்கும்போது வீசாமல் தொங்கத் தொடங்கியது. கையெழுத்து சுருங்கி எறும்பு போல ஆனது. டாக்டர் பார்க்கின்சன் என்றார். கை நடுங்குவது மட்டுமில்லை, உடம்பு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டே போகிற வியாதி என்று விளக்கினார். நிறுத்துவதற்கு மருந்து இல்லை, தள்ளிப்போட மாத்திரை உண்டு, மாத்திரைக்குச் சமமாக உடற்பயிற்சியும் வேண்டும் என்றார். அக்கா அழவில்லை. "பயிற்சிதானே? அது எனக்குப் புதுசா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "உன் துணிக் கொடியை நம்ம டிவியில மாட்டு" என்றாள்.

மாட்டினாள். தினமும் காலையில் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்ததுபோல அக்கா நாற்காலியில் வந்து உட்காருவாள், சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகுவாள். பக்கத்துக் கொடி நிழலுக்கு அவள் வைத்த பேர் 'அவள்'. "இன்னிக்கு அவளை ரெண்டு துணியில பின்னாடி தள்ளிட்டேன்" என்று பாப்பா குளித்துவிட்டு வருவதற்குள் கத்துவாள். பல மாதங்கள் அப்படி ஜெயித்தாள். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து நோயை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தன. பாப்பாவுக்கு இந்தத் தொழிலுக்கு வந்ததன் பலன் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பிறகு அக்கா தோற்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு துணி, அப்புறம் மூன்று. நிழல் தன் கூடையைக் காலி செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், அக்கா பாதித் துணியோடு திணறிக்கொண்டிருப்பாள். மழை பெய்யும். "தூக்கம் சரியில்ல" என்றாள் ஒருநாள். "நாற்காலி வழுக்குது" என்றாள் மறுநாள். அடுத்த வாரத்தில் சில நாள் டிவியைப் போடவே இல்லை. காரணம் கேட்டால் எரிந்து விழுந்தாள். பகலெல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கு டாக்டர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது: உடம்பை அசைக்காமல் விட்டால் சரசரவென்று இறங்கிவிடும். எப்படியாவது அக்காவை மறுபடி நாற்காலிக்கு இழுக்க வேண்டும். அதற்கு வழி பாப்பாவின் கையிலேயே இருந்தது.

செய்தாள். அக்காவின் ஆட்டத்தில் மட்டும் நிழலின் கையைக் கட்டிப்போட்டாள். அக்கா எவ்வளவு வேகமோ அதைவிட ஒரு பொடி அளவு மெதுவாக நிழல் அசையும்படி உள்ளே மாற்றி எழுதினாள். அக்கா தளர்ந்தால் நிழலும் தளரும். எந்த நாளும் ஒரு துணியோ இரண்டு துணியோ பின்தங்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தொழிலில் கைதேர்ந்தவள் செய்த வேலை அது.

அக்கா ஜெயித்தாள். மறுபடி தினமும் ஜெயித்தாள். குரலில் பழைய அதட்டல் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்து ஆயிரம் பொய்களை முகத்தைப் பார்த்தே பிடித்த டீச்சருக்குத் தங்கையின் பொய் மட்டும் தெரியவில்லை. அது தெரியாமல் போனதற்குக் காரணம் அறிவு மங்கினது அல்ல. பாப்பாவின் முகத்தில் பொய்யைத் தேட வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

ஆபீசில் இது எப்படியோ முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டது. அவன் நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தான். "மேடம், இது தங்கச் சுரங்கம். நிலையத்துல நிறைய பேர் வர்றத நிறுத்திட்டாங்க, தெரியுமில்ல? நிழல்கிட்ட தோத்துத் தோத்து வெறுத்துப்போயிட்டாங்க. எல்லாருக்கும் இதையே போட்டுடலாம். எல்லாரும் ஜெயிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?"

பாப்பா பிடிகொடுக்காமல், "பார்க்கலாம்" என்றாள். யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வியை அவளும் தனக்குள் பலமுறை கேட்டுப் பார்த்திருந்தாள். நஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள்.

டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. மாத்திரை போட்ட தெம்பில் அக்கா அவர் முன்னால் விரலைத் தட்டிக் காட்டினாள், வராந்தாவில் நடந்து காட்டினாள்.

"வேகம் குறைஞ்ச மாதிரி ஏதாவது தெரியுதா டீச்சர்?" என்று கேட்டார் டாக்டர்.

"குறையறதா? தினமும் ஜெயிக்கிறேன் டாக்டர். சந்தேகம்னா இவளைக் கேளுங்க. அந்த விளையாட்டைச் செஞ்சவளே இவதான்."

டாக்டர் பாப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் அக்கா பெருமையாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா, "நல்லாத்தான் பண்றாங்க டாக்டர்" என்றாள். "அப்போ இதே மாத்திரை, இதே அளவு" என்று சொல்லி அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அக்கா, "முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு? நான்தான் நல்லா இருக்கேனே" என்று பாப்பாவின் முதுகில் தட்டினாள். பாப்பாவுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

அதற்கப்புறம் வெகுநாள் ஆகவில்லை. ஒரு மத்தியானம் கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து ஆபீசுக்கு போன் வந்தது. ஜன்னல் திரைச்சீலையைத் துவைக்க வேண்டும் என்று அக்கா ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறாள். இரண்டு கைகளையும் தூக்கிக் கழற்றிவிட்டாள். இறங்குவதற்குக் காலைக் கேட்டால் கால் வரவில்லை. பாப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அக்காவுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நெற்றி வீங்கியிருந்தது. வலியைவிட அக்காவின் முகத்தில் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"நேத்துகூட ஜெயிச்சேனே பாப்பா" என்றாள். "கையை எவ்வளவு உசரம் தூக்கினேன், பார்த்தியே? அப்புறம் ஏன் கால் நகரல?"

பாப்பா அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தாள். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் செய்தாள். அக்காவுக்குத் தலை வாரினாள், ஊட்டிவிட்டாள், ஸ்டூலைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு காலை, மாவுக்கட்டுக் கைக்கு ரவிக்கையை ஏற்றிவிட்டு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா, "கட்டைப் பிரிக்கட்டும், மறுநாளே ஆட்டம். அவ இதுக்குள்ள துளிர்விட்டுப் போயிருப்பா" என்று சிரித்தாள். பாப்பாவால் அதற்கு மேல் முடியவில்லை. ஊக்கைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்கா கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "எப்போலேர்ந்து?" என்றாள்.

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியிலேர்ந்து."

"அப்போ அவர்கிட்ட நான் சொன்னதெல்லாம்?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பக்கத்துல உக்காந்துகிட்டு நீயும் ஆமான்னு சொன்னே."

"நீ மூலையில முடங்கிடுவியோன்னு பயந்துட்டேன்க்கா. நீ ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்ததை என்னால தாங்க முடியல."

"உன்னால தாங்க முடியல." அக்கா அதை மெல்லத் திருப்பிச் சொன்னாள். அப்புறம் குரல் உயர்ந்தது. "எத்தனை பொண்ணுங்க எங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க! காய்ச்சல்ம்பா, சுளுக்கும்பா. எல்லாம் அவங்க உடம்பைப் பத்தி. என் உடம்பைப் பத்தி எங்கிட்டயே ஒருத்தியும் பொய் சொன்னதில்ல. என் கால் எவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரிய வேண்டாமா? தெரிஞ்சிருந்தா அந்த ஸ்டூல்ல ஏறியிருப்பேனா? அழுதா அழுதுட்டுப் போறேன். அது என் கால் இல்லையா?"

அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள், மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள், பாப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம்தான் மிச்சம். முறிந்த கல்யாணத்தோடு வந்தபோதுகூட பாப்பா இந்த வீட்டில் அந்நியமாக உணர்ந்ததில்லை. இப்போது உணர்ந்தாள்.

டாக்டரிடம் அக்காவை அவளே கூட்டிக்கொண்டு போய், அக்காவின் முன்னாலேயே தான் செய்ததைச் சொன்னாள். அவர், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, இருவர் முகத்தையும் பார்த்து, மீதியை விழுங்கிவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஆபீசில் முதலாளியிடம், "அந்த வேலையை யாருக்கும் செய்யக்கூடாது. மீறிச் செஞ்சா நான் நாளைக்கு வர மாட்டேன்" என்றாள். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் மேடம் இல்லாமல் கடையைத் திறக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். பகல் நிலையத்து ஆட்டத்திலிருந்து நிழலையே எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்று கேட்டவர்களுக்கு மட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

கட்டைப் பிரித்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "போடு" என்றாள், டிவியைப் பார்த்தபடி. "நிஜமா இருந்த அவளைப் போடு."

பாப்பா போட்டாள். கட்டை அவிழ்த்துவிட்ட நிழல் சரசரவென்று எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது. அக்கா நாலாவது துணிக்குத் திணறும்போது அது கூடையைக் காலி செய்துவிட்டது. அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க அந்தச் சாம்பல் உருவத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள். அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. பாப்பா கிட்டே போகப் பார்த்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு அப்புறம் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போனவளைப் பார்த்தாச்சு. வரப்போறவளைக் காட்ட முடியுமா உன்னால? அடுத்த வருஷம் இந்நேரம் நான் எப்படி எந்திரிப்பேன்?"

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதெல்லாம் வெறும் கணக்குக்கா. நிஜமா அப்படி ஆகும்னு யாரும் சொல்ல முடியாது. மாத்திரை வேற கூட்டியிருக்கு."

"தப்பா இருந்தா சந்தோஷம். கணக்குல என்ன வருதோ அதைக் காட்டு. முடியுமா, முடியாதா?"

முடியும். அக்காவின் ஒவ்வொரு நாளின் அசைவும் பத்திரமாக இருந்தது. எந்த மூட்டு எவ்வளவு இறங்கி வந்திருக்கிறது என்று பாப்பாவுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும். அந்த இறக்கத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்ட வேண்டும், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கீழே போனபின் ஆபீசில் உட்கார்ந்து அதைச் செய்தாள். அக்காவின் முதுகைத் தன் கையாலேயே வளைத்தாள். தோளைத் தன் கையாலேயே தாழ்த்தினாள். நடுநடுவே எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஒருநாள் பிசியோ அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"யாரு மேடம் இது?"

"எங்கக்கா. அடுத்த வருஷத்து."

பிசியோ அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் திரையைப் பார்த்தாள். அப்புறம், "முழங்கை இன்னும் கொஞ்சம் உடம்போட ஒட்டி இருக்கும்" என்றாள் தாழ்ந்த குரலில். "முதல் தடவையில எந்திரிக்க வராது. ரெண்டாவதுலதான் வரும்." பாப்பா அப்படியே திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அதைப் போட்டாள். பாப்பாவின் விரல் ரிமோட்டின் மேலேயே இருந்தது, எந்த நிமிஷமும் அணைத்துவிடலாம் என்று. பக்கத்துக் கொடிக்குக் கீழே சாம்பல் உருவம் ஒன்று முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தது. ஆட்டம் தொடங்கியது. அக்கா ஒரு தடவை ஆடிப் பார்த்து எழுந்து முதல் துணியைப் போட்டாள், உட்கார்ந்தாள், இரண்டாவதையும் போட்டாள். பக்கத்தில் அந்த உருவம் முன்னுக்குச் சாய்ந்து எழப் பார்த்து, முடியாமல் நாற்காலியிலேயே விழுந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி சாய்ந்தது. முட்டி நிமிராமலே எழுந்தது. கை தோள் வரைக்கும்தான் போனது. துணி கொடியில் படாமல் கீழே விழுந்தது.

அக்கா மூன்றாவது துணிக்கு எழுந்தவள், போடவில்லை. கை அந்தரத்தில் நின்றது. திரும்பி அந்த உருவத்தைப் பார்த்தாள்.

"போதும்க்கா, அணைச்சுடறேன்" என்றாள் பாப்பா.

"விடு."

அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து நிதானித்துவிட்டு டிவிக்குக் கிட்டே இரண்டு எட்டு வைத்தாள். மேகம் ஏறிக்கொண்டிருந்தது. சாம்பல் உருவம் மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழ முயன்றுகொண்டிருந்தது.

"வாடி" என்றாள் அக்கா, திரையைப் பார்த்து. அந்தக் குரலில் அதட்டல் இல்லை. பாப்பா அறிந்த வரையில் அக்கா யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. "அவசரமில்ல. மெதுவா வா. முதல்ல காலைப் பின்னாடி இழு. ஆங், அப்படித்தான். இப்போ குனி. நான் இங்கதான் நிக்கிறேன். நீ வராம நான் போக மாட்டேன்."

உருவம் எழுந்தது. கை தோளைத் தாண்டிக் கொஞ்சம் போனது. துணியின் ஒரு முனை கொடியில் தொற்றிக்கொண்டது. அதற்குள் திரையில் மழை பிடித்துக்கொண்டு, அக்கா போட்ட இரண்டு துணியையும் அந்த ஒற்றைத் துணியையும் ஒன்றாக நனைத்தது. பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. நின்ற இடத்திலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள், மைதானத்தில் கோடு போடுவதற்கு முன்னால் நிற்பது போல.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"இவளுக்கு இந்த நேரம் பத்தாது பாப்பா" என்றாள். "மழையைக் கொஞ்சம் தள்ளி வை."